தண்ணீர் கொட்டும் கண்ணைப் போய் உலர்ந்த கண் என்கிறார்களே, எப்படி?

கேள்வி சுருக்கமாக இது: அம்மாவுக்கு 58 வயது, 14 வருடமாகச் சர்க்கரை நோய். ஆறு மாதமாகக் கண்ணில் தண்ணீர் வழிகிறது. சாயங்காலமானால் எழுத்து மங்குகிறது. எரிச்சல், உறுத்தல் என்று பெரிதாக ஒன்றும் சொல்வதில்லை. கண் டாக்டர் "கண் உலர்ந்திருக்கிறது" என்று சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் வழியும் கண் எப்படி உலர்ந்த கண்ணாகும், சர்க்கரைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம், இந்த மருந்தை எத்தனை நாள் விட வேண்டும்?

கண் மருத்துவமனைப் பரிசோதனை அறையில் இருபது வருடத்துக்கு மேல் வேலை பார்த்திருக்கிறேன். இதே கேள்வியை வாரத்துக்கு நான்கு பேராவது கேட்பார்கள். எல்லோரும் தண்ணீரைப் பற்றித்தான் கவலைப்படுவார்கள். நீங்கள் எழுதியதில் என் கண் போய் நின்ற இடம் வேறு: "எரிச்சல் பெரிதாக இல்லை". சர்க்கரை உள்ளவர் அப்படிச் சொன்னால் நான் கொஞ்சம் கூடுதல் கவனமாகப் பார்ப்பேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன், முதலில் கண்ணீர்.

நம் கண்ணின் மேல் எப்போதும் ஒரு கண்ணீர்ப் படலம் இருக்கிறது. தலைமுடியின் பருமனில் இருபதில் ஒரு பங்குதான் இருக்கும், அவ்வளவு மெல்லியது. அது வெறும் தண்ணீர் இல்லை. கண்ணோடு ஒட்டிக்கொள்ள அடியில் கொழகொழப்பான சளி போன்ற ஒரு பொருள், நடுவில் தண்ணீர், காற்றில் ஆவியாகாமல் காக்க மேலே எண்ணெய்ப் பூச்சு. தண்ணீர், புருவத்துக்குக் கீழே வெளிப்புறமாக இருக்கும் சுரப்பியிலிருந்து வருகிறது. எண்ணெய், இமை விளிம்பில் வரிசையாக இருக்கும் மைபோமியன் சுரப்பிகளிலிருந்து வருகிறது. ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் இந்த மூன்றும் கலந்து புதிதாக மெழுகப்படுகின்றன.

எண்ணெய் குறைந்தாலோ சளி குறைந்தாலோ படலம் சீக்கிரம் கிழிந்துவிடும். கிழிந்த இடத்தில் கருவிழி, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் பகுதி, காய்கிறது. காய்ந்ததும் அங்கிருக்கும் நரம்பு மூளைக்குச் சேதி அனுப்ப, பெரிய சுரப்பி மொத்தமாகத் தண்ணீரைக் கொட்டுகிறது. வெங்காயம் நறுக்கும்போது வருவதும் இதே தண்ணீர்தான். அதில் எண்ணெயும் சளியும் போதிய அளவு இல்லாததால் கண்ணில் தங்காமல் கன்னத்தில் வழிந்துவிடும். வறண்டு வெடித்த வயலில் திடீரென்று பெருமழை பெய்தால் தண்ணீர் மேலோடு ஓடிவிடுமே, அதே கதை. ஆக, உங்கள் அம்மாவின் கண்ணில் தண்ணீர் வழிவதும் கண் உலர்ந்திருப்பதும் ஒரே விஷயத்தின் இரண்டு முகங்களாக இருக்கலாம்.

இருக்கலாம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மூக்குக்குப் போகும் கண்ணீர்க் குழாயில் அடைப்பு இருந்தாலும் தண்ணீர் வழியும். மழுங்கிய சன்னமான குழாய் வழியே உப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். "தொண்டையில் உப்புக் கரிக்குது" என்று அம்மா சொன்னால் குழாய் திறந்திருக்கிறது என்று அர்த்தம். இதைச் செய்தார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது சர்க்கரைக்கு வருகிறேன். சர்க்கரை நோய் பாதத்தை மரத்துப்போகச் செய்யும் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். முள் குத்தினாலும் தெரியாது, செருப்பு கடித்துப் புண்ணானாலும் தெரியாது, அதனால்தான் தினமும் பாதத்தைப் பார்க்கச் சொல்கிறோம். கருவிழிக்கும் அதேதான் நடக்கிறது. இதை மட்டும் பலரிடம் யாரும் சொல்வதே இல்லை. உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருக்கமாக இருக்கும் இடம் கருவிழி. தோலைவிடப் பல நூறு மடங்கு நெருக்கம். ஒரு தூசி விழுந்தால் உயிர் போகிற மாதிரி இருப்பது அதனால்தான். அந்த நரம்புகள் மிக மெல்லியவை. பல வருடச் சர்க்கரையில் அவை ஒவ்வொன்றாக உதிர்கின்றன. கருவிழியின் நரம்புகளை நேரடியாகப் பெரிதாக்கிப் பார்க்கும் கன்ஃபோகல் மைக்ரோஸ்கோப் என்ற கருவி இருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டரில் ரயாஸ் மாலிக் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 2000-க்குப் பிறகு அதை வைத்துச் சர்க்கரை நோயாளிகளைத் தொடர்ந்து ஆராய்ந்தார்கள். காலில் வழக்கமான பரிசோதனைகளில் ஒன்றும் தெரியாதவர்களுக்குக்கூடக் கருவிழி நரம்புகள் குறைந்திருக்கலாம் என்று தெரியவந்தது.

நரம்பு குறைந்தால் என்ன ஆகும்? கண் காய்வது மூளைக்குத் தெரியாது. தெரியாததால் சுரப்பிக்குக் கட்டளை போகாது, இமைப்பதும் குறைந்துவிடும். அதோடு, கருவிழியின் மேல்தோலைப் போஷிக்கும் பொருட்கள் சில அந்த நரம்புகளிலிருந்தே வருகின்றன. அவை குறைந்தால் மேல்தோல் பலவீனமாகி, சிறு கீறல்கூட ஆற நாளாகும்.

ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். ஐம்பது வயதிருக்கும், வெல்டிங் பட்டறை வைத்திருந்தார், 17 வருடச் சர்க்கரை. "கண்ணாடி பவர் மாறியிருக்கும் போல, பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றுதான் வந்தார். கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்கும் ஸ்லிட் லேம்ப் கருவியில் முகத்தை வைக்கச் சொன்னேன். வலது கருவிழியில் கடுகின் கால்வாசி அளவுக்கு ஓர் இரும்புத் துணுக்கு பதிந்திருந்தது. அதைச் சுற்றிப் பழுப்பாகத் துரு வளையம். துரு கட்டும்வரை இருந்திருக்கிறது என்றால் அது அப்போதுதான் விழுந்ததில்லை. வலிக்கவில்லையா என்றேன். "எதுவும் இல்லையே" என்றார். பஞ்சைத் திரித்து அதன் நுனியால் கருவிழியைத் தொட்டேன். சாதாரணமாக யாராக இருந்தாலும் தலையைப் பின்னால் இழுத்துக்கொள்வார்கள். அவர் இமைக்கவே இல்லை. கீழே பார்த்தால் இடது காலில் கட்டு. பாதத்துப் புண்ணுக்கு இரண்டு மாதமாக மருந்து கட்டிக்கொண்டிருந்தவருக்கு, கண்ணும் அதே மாதிரி ஆகியிருக்கும் என்று ஒருவரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து சர்க்கரை உள்ளவர் "கண்ணில் ஒரு தொந்தரவும் இல்லை" என்றால் அந்த வார்த்தையை மட்டும் நம்பி நான் அனுப்புவதில்லை.

உங்கள் அம்மாவுக்குத் தண்ணீர் வழிகிறது என்பது இந்த வகையில் பார்த்தால் நல்ல சேதிதான். குழாயில் அடைப்பு இல்லையென்றால், நரம்பு இன்னும் வேலை செய்கிறது என்று அர்த்தம். பின்னாளில் மருந்து எதுவும் விடாமலே தண்ணீர் நின்றுபோனால் குணமாகிவிட்டது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அப்போதுதான் கட்டாயம் காட்ட வேண்டும்.

நரம்போடு நின்றால் பரவாயில்லை. சர்க்கரை கண்ணீர்ச் சுரப்பியின் சிறு இரத்தக் குழாய்களையும் கெடுக்கிறது. சளி சுரக்கும் செல்கள் குறைகின்றன. எண்ணெய்ச் சுரப்பிகள் அடைபடுகின்றன. கண்ணீரில் உப்பின் அடர்த்தி கூடிக் கண் பரப்பில் அழற்சி உண்டாகிறது, அந்த அழற்சியால் வறட்சி இன்னும் கூடுகிறது. எத்தனை வருடச் சர்க்கரை, எவ்வளவு கட்டுப்பாடு என்பதைப் பொறுத்து இது ஆளுக்கு ஆள் மாறும். கண்ணின் பின்பக்கத்தில் இருக்கும் விழித்திரையில் சர்க்கரையின் பாதிப்பு உள்ளவர்களிடம் கண் வறட்சியும் கூடுதலாகவே காணப்படுகிறது.

பரிசோதனைகள் எளிமையானவை, வலிக்காது. ஓட்டோ ஷிர்மர் என்ற ஜெர்மன் மருத்துவர் 1903-இல் சொன்ன முறையை இன்றும் செய்கிறோம். 5 மி.மீ. அகலம், 35 மி.மீ. நீளம் உள்ள வடிதாளின் நுனியை மடித்துக் கீழ் இமைக்குள் மாட்டி ஐந்து நிமிடம் விடுவது. ஈரம் 10 மி.மீ. தாண்டினால் பெரும்பாலும் கவலை இல்லை. 5-க்குக் கீழே நின்றால் நல்ல வறட்சி. இன்னொன்று, ஃப்ளூரசின் என்ற மஞ்சள் சாயத்தைத் தொட்டுவிட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பது. கண் முழுக்கப் பச்சையாக ஒரு விரிப்பு மின்னும். இமைக்காமல் இருக்கச் சொல்லி எண்ணிக்கொண்டே இருப்போம். நான்கு, ஐந்து என்று எண்ணும்போதே அந்தப் பச்சையில் கரையான் அரித்த மாதிரி கறுப்புத் திட்டுகள் விரியும். பத்து விநாடிக்கு முன்பே கிழிந்தால் படலம் நிலையாக இல்லை. அப்புறம் இமை விளிம்பை மெதுவாக அழுத்திப் பார்ப்போம். நல்ல சுரப்பியிலிருந்து நல்லெண்ணெய் மாதிரித் தெளிவாக வரும். அடைபட்டதிலிருந்து பற்பசை மாதிரி வரும், அல்லது ஒன்றும் வராது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இவற்றோடு அந்தப் பஞ்சு நுனிச் சோதனையையும் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அரை நிமிட வேலை. சாயமோ மரப்புச் சொட்டோ விடுவதற்கு முன்பே செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

வீட்டிலேயே ஒன்று கவனிக்கலாம். சாயங்காலம் எழுத்து மங்கும்போது அம்மாவை நான்கைந்து முறை நன்றாகக் கண்ணை மூடித் திறக்கச் சொல்லுங்கள். தெளிந்து, மறுபடி மங்கினால் பெரும்பாலும் கண்ணீர்ப் படலத்தின் கோளாறு. எத்தனை முறை இமைத்தாலும் தெளியவில்லை என்றால் கண்புரையோ விழித்திரையோ சர்க்கரை ஏற்ற இறக்கமோ காரணமாக இருக்கலாம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் லென்ஸ் பவரே மாறும். அதனால் சர்க்கரை சில வாரமாவது நிலையாக நின்ற பிறகுதான் புதுக் கண்ணாடி போட வேண்டும். அவசரப்பட்டுப் போட்ட கண்ணாடிகள் எத்தனையோ வீட்டு அலமாரியில் தூங்குகின்றன.

சரி, சொட்டு மருந்து. உங்கள் டாக்டர் எழுதியது கார்பாக்ஸிமெத்தில் செல்லுலோஸ், ஹயலூரோனேட் போன்ற செயற்கைக் கண்ணீராக இருக்கும். இதை எத்தனை நாள் விடுவது என்றால், அநேகமாக வருடக் கணக்கில். பயப்பட வேண்டாம், இது கண்ணைப் பழக்கப்படுத்தி அடிமையாக்காது. கவனிக்க வேண்டியது, பாட்டிலில் கலந்திருக்கும் பாதுகாப்புப் பொருள். பென்சால்கோனியம் குளோரைடு என்று அட்டையில் இருந்தால், அது கிருமியைக் கொல்வதோடு கருவிழியின் மேல்தோலையும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும். ஏற்கெனவே பலவீனமான மேல்தோல் அது. ஒரு நாளைக்கு நான்கு முறைக்கு மேல் விட வேண்டியிருந்தால் பாதுகாப்புப் பொருள் இல்லாத மருந்தாகக் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சர்க்கரை உள்ள கண்ணுக்கு அந்தக் கூடுதல் செலவு வீண்போகாது என்பது என் கருத்து.

விடும் முறையிலும் நிறையத் தவறு நடக்கிறது. கீழ் இமையை இழுத்து, பாட்டில் நுனி எதிலும் படாமல் ஒரே ஒரு சொட்டு. கண்ணில் தங்கக்கூடிய அளவைவிட ஒரு சொட்டே அதிகம். இரண்டாவது சொட்டு கன்னத்துக்குத்தான் போகும். விட்டதும் படபடவென்று இமைக்காமல் மெதுவாக மூடி, மூக்கோரம் விரலால் ஒரு நிமிடம் அழுத்திக்கொள்ளட்டும். இன்னொரு மருந்து விட வேண்டுமென்றால் ஐந்து நிமிடம் கழித்து. சாதாரண பாட்டிலைத் திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவிடுங்கள், ஒரு மாதத்தில் தூக்கிப் போட வேண்டும்.

எண்ணெய்ச் சுரப்பி அடைத்திருந்தால் சொட்டு மருந்து மட்டும் போதாது, சூட்டு ஒத்தடம் வேண்டும். மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோனால் பாட்டிலை வெயிலில் வைப்போமே, அந்த வேலைதான் இது. சுத்தமான துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்து மூடிய கண்மேல் ஐந்து முதல் பத்து நிமிடம். துணி இரண்டு நிமிடத்தில் ஆறிவிடும், திரும்பத் திரும்ப நனைக்க வேண்டும். பிறகு மேல் இமையைக் கீழ்நோக்கியும் கீழ் இமையை மேல்நோக்கியும் விரலால் மெதுவாக நீவ வேண்டும். ஒரு எச்சரிக்கை: பல வருடச் சர்க்கரையில் கை விரல்களும் மரத்திருக்கலாம், சூடு சரியாகத் தெரியாது. அதனால் துணியின் சூட்டை நீங்கள் உங்கள் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவுக்குக் கொடுங்கள். இமையில் கொப்புளத்தோடு வந்தவரைப் பார்த்ததால் சொல்கிறேன். இமை ஓரத்தின் உள்விளிம்பில் கண்மை இழுக்கும் வழக்கம் இருந்தால் நிறுத்திவிடுவது நல்லது, அது சுரப்பி வாய்களில் போய் அடைக்கிறது.

அழற்சி கூடுதலாக இருந்தால் சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து எழுதுவார்கள். முதலில் கொஞ்சம் எரியும், பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். பாதியில் நிறுத்திவிட்டுப் பயனில்லை என்று சொல்பவர்கள் அதிகம். ஸ்டீராய்டு சொட்டு மருந்து விஷயமே வேறு. டாக்டர் சில நாளைக்கு எழுதியதைப் பழைய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் திரும்பத் திரும்ப வாங்கி விடுகிறார்கள், ஏனென்றால் விட்ட அன்றே சிவப்பு போய்க் கண் பளிச்சென்று ஆகும். உள்ளே கண் அழுத்தம் ஏறும், புரை வளரும், தொற்று வந்தால் தெரியாமலே பரவும். இதைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

வீட்டு வைத்தியம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், கேட்காமல் இருக்க மாட்டீர்கள். நந்தியாவட்டைப் பூவை மூடிய கண்மேல் வைத்துக்கொள்வதில் குளிர்ச்சி உண்டு, கெடுதல் இல்லை. அந்தப் பூவின் சாற்றையோ, தாய்ப்பாலையோ, தேனையோ, கடையில் வாங்கிய விளக்கெண்ணெயையோ கண்ணுக்குள் விடக் கூடாது. சில கண் மருந்துகளில் ஆமணக்கு எண்ணெய் இருப்பது உண்மைதான், ஆனால் அது கிருமி நீக்கிச் செய்தது. மரத்த கருவிழியில் கிருமி புகுந்தால் வலிக்காது, வெள்ளையாகப் புண் விழுந்த பிறகுதான் தெரியும். மீன் எண்ணெய் மாத்திரையைப் பலர் நம்பி வாங்குகிறார்கள். அமெரிக்காவில் கண் வறட்சி உள்ள 535 பேருக்கு ஒரு வருடம் கொடுத்துப் பார்த்து 2018-இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் 3,000 மி.கி. மீன் எண்ணெய்ச் சத்து எடுத்தவர்களுக்கும் ஆலிவ் எண்ணெய் எடுத்தவர்களுக்கும் குறிப்பிடும்படி வித்தியாசம் இல்லை. மத்தி மீன் குழம்பைச் சாப்பிடட்டும், மாத்திரைக்குச் செலவழிக்க வேண்டாம் என்பேன்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆறாத கருவிழிப் புண்ணுக்கு இன்சுலினைச் சொட்டு மருந்தாக்கிச் சில மருத்துவர்கள் பயன்படுத்துகிறார்கள், பலனும் கிடைக்கிறது. அதைக் கேள்விப்பட்டு ஃபிரிட்ஜில் இருக்கும் இன்சுலினை எடுத்துக் கண்ணில் விட்டுவிடாதீர்கள். அதன் அளவும் தயாரிப்பும் வேறு.

அம்மா வேறு என்ன மாத்திரை எடுக்கிறார் என்று பாருங்கள். கால் எரிச்சலுக்கு இரவில் அமிட்ரிப்டிலின் கொடுப்பார்கள், நல்ல மருந்துதான், ஆனால் வாயையும் கண்ணையும் வறளச் செய்யும். தும்மலுக்கு எடுக்கும் செட்ரிசின் வகையும் அப்படித்தான். நீங்களாக நிறுத்த வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் மாற்று யோசிப்பார். வாயும் சேர்ந்து மிகவும் வறண்டு, மூட்டு வலியும் இருந்தால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கண்ணீர், எச்சில் சுரப்பிகளைத் தாக்கும் ஷோகிரன் நோய்க்கு இரத்தப் பரிசோதனை செய்யச் சொல்லக்கூடும். அறையில் மின்விசிறி நேராக முகத்தில் அடிக்காமல் கட்டிலை நகர்த்திப் போடுங்கள். சிலர் தூங்கும்போது இமை முழுதாக மூடாது. அம்மா தூங்கும்போது ஒருநாள் கிட்டப் போய்ப் பாருங்கள், கீழே வெள்ளையாக ஒரு கீற்று தெரிந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், இரவுக்கு ஜெல்லோ களிம்போ தருவார். ஃபோனும் டிவியும் பார்க்கும்போது இமைப்பது பாதிக்கும் கீழே குறைகிறது, அரைகுறையாக வேறு இமைப்போம். இடையிடையே முழுசாக மூடித் திறக்கும் பழக்கம் வர வேண்டும்.

சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்தால் கண்ணீர் திரும்புமா? உடனே இல்லை, மெதுவாக. ஆனால் கருவிழி நரம்பு வளரக்கூடியது. சிறுநீரகத்தோடு கணையத்தையும் மாற்றிச் சர்க்கரை சீரானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் கருவிழி நரம்புகள் மீண்டும் துளிர்த்ததை மாலிக் குழுவினரே பதிவு செய்திருக்கிறார்கள். அவ்வளவு பெரிய சிகிச்சை உங்கள் அம்மாவுக்குத் தேவையில்லை. நரம்பு செத்தே போய்விட்டது என்று கைவிட வேண்டியதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

கண்புரை ஆபரேஷன் பேச்சு வந்தால், கண் வறட்சியைச் சரிசெய்துகொண்டு போவது நல்லது. உள்ளே வைக்கும் லென்ஸின் பவரைக் கணக்கிடக் கருவிழியின் வளைவை அளப்பார்கள். படலம் கிழிந்துகொண்டே இருந்தால் அந்த அளவே தப்பாக வரும். ஆபரேஷனில் கருவிழி நரம்பு கொஞ்சம் வெட்டுப்படுவதால் பிறகு சில மாதத்துக்கு வறட்சி கூடவும் செய்யும்.

கடைசியாக விழித்திரை. "அதான் கண்ணுக்கு மருந்து விடுறேனே" என்று சொல்லி விழித்திரைப் பரிசோதனையைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைப் பிசையும். செயற்கைக் கண்ணீர் கண்ணின் முன்பக்கத்துக்கு மட்டும்தான். பின்னால் விழித்திரையில் இரத்தக் கசிவு ஆரம்பித்தாலும் பார்வை நன்றாகவே இருக்கும், ஒன்றும் தெரியாது. 14 வருடச் சர்க்கரைக்கு, கண் பாப்பாவை (கண்ணுக்குள் வெளிச்சம் போகும் நடுத் துளையை) விரிய வைக்கும் மருந்து விட்டு வருடம் ஒருமுறையாவது பார்த்தே ஆக வேண்டும். அன்று சில மணி நேரம் மங்கலாக இருக்கும், கூட ஒருவர் போங்கள்.

திடீரென்று கண் சிவந்தாலோ, வெளிச்சம் பார்க்க முடியாமல் போனாலோ, பீளை தள்ளினாலோ, கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தாலோ, பார்வை சட்டென்று குறைந்தாலோ, வலியே இல்லாவிட்டாலும் அன்றைக்கே போக வேண்டும். அடுத்த முறை போகும்போது வீட்டில் இருக்கும் எல்லாச் சொட்டு மருந்துகளையும், மூன்று மாதச் சர்க்கரை சராசரி ரிப்போர்ட்டையும், தினம் எடுக்கும் மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். பரிசோதனை அறையில் உட்கார்ந்ததும், சாயம் விடுவதற்கு முன்பே, "அம்மா கண்ணில் உணர்ச்சி எப்படி இருக்கிறது என்று பஞ்சு வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.